வகுப்பறைக் காற்றின் வரலாறு



பாடசாலைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் கட்டடங்களைப் பற்றி எழுதுவர். அவற்றை நிறுவிய பெரியோரைப் பற்றி எழுதுவர். பாடநூல்களையும் பரீட்சைகளையும் பற்றி எழுதுவர். ஆயின், அக்கட்டடங்களுள் நாற்பது பிள்ளைகள் நாள்தோறும் ஆறு மணி நேரம் அமர்ந்து எவ்வகைக் காற்றைச் சுவாசித்தனர் என்பதை எழுதுவோர் மிகச் சிலரே. சோறின்றிச் சில நாள் இருக்கலாம். நீரின்றி ஓரிரு நாள் இருக்கலாம். காற்றின்றிச் சில நிமிடமும் இருத்தல் இயலாது. அவ்வாறிருந்தும், கண்ணுக்குப் புலப்படாத காரணத்தால் காற்று நம் கருத்துக்கும் புலப்படாமற் போய்விட்டது. இன்றைய பேச்சில் அந்த மறந்துபோன வரலாற்றைச் சிறிது நினைவுகூர விரும்புகின்றேன்.

நான் அதிபராகப் பணியாற்றுவது வன்னியிலே, செட்டிகுளத்திலே. மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் பாதையும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் ஊடறுத்துச் செல்லும் ஊர் இது. மாரியிலே குளமும் வயலுமாகப் பசுமை கொழிக்கும். சோழகக் காற்று வீசத் தொடங்கினாலோ கிறவல் வீதிகளிலிருந்து செம்புழுதி எழுந்து ஊரையே போர்த்திவிடும். காலை ஏழரை மணிக்குக் கடவுள் வணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் நுழையும் வேளையில், கூரையிலுள்ள ஓர் ஆணித்துளை வழியாகச் சூரியனின் கதிரொன்று அறைக்குள் சாய்ந்து விழும். அக்கதிரினுள்ளே கோடானுகோடித் துகள்கள் எழுவதும் தாழ்வதும் சுழல்வதுமாக இருக்கும். சிறுபிள்ளைகள் அதனைக் கையாற் பிடிக்க முயல்வார்கள். கதிருக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று நாம் எண்ணுகின்றோம். உண்மை யாதெனின், அறை முழுவதும் அத்துகளே நிறைந்திருக்கின்றது. கதிர் விழுந்த இடத்தில் மட்டும் அது நமக்குத் தெரிகின்றது.

இந்தக் காட்சியை ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டவர் ஜோன் டின்டால் என்னும் பௌதிக அறிஞர். 1870ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில், இருண்ட மண்டபத்தில் வலிய ஒளிக்கற்றையொன்றைச் செலுத்தி, நாம் தூயதென எண்ணும் காற்றிலே எத்துணைத் தூசு மிதக்கின்றது என்பதை அவர் சபையோருக்குக் காட்டினார். கதிரின்கீழ் ஒரு சுடரை வைத்தபோது அத்தூசு எரிந்தொழிந்து, அவ்விடம் கருமையாகத் தோன்றியது. ஆகவே அத்தூசிற் பெரும்பகுதி கல்லும் மண்ணும் அன்று, உயிர்ப்பொருளின் சிதைவுகளே என்று அவர் முடிவுசெய்தார். நோய்க்கிருமிகளும் அதனோடு கலந்து வரக்கூடும் என்றும் உரைத்தார்.

வகுப்பறைக் காற்றைப் பற்றி எழும் கேள்விகள் மூன்று. பிள்ளைகள் வெளிவிடும் மூச்சால் அக்காற்று எவ்வளவு கெடுகின்றது என்பது ஒன்று. அம்மூச்சோடு வரும் நோய்க்கிருமிகள் எவ்வாறு பரவுகின்றன என்பது மற்றொன்று. வெளியிலிருந்து வருவதும் உள்ளேயே எழுவதுமாகிய தூசும் புகையும் என்ன தீங்கு செய்கின்றன என்பது மூன்றாவது. மேலைநாட்டார் முதலிரண்டு கேள்விகளோடு நெடுங்காலம் போராடினர். நமக்கு மூன்றாவது கேள்வியே முதன்மையானது. அது ஏன் என்பதை வரலாறே சொல்லும்.

நம் முன்னோர் கல்வி கற்ற இடம் திண்ணை, அன்றேல் மரநிழல், அன்றேல் கோயில் மண்டபம். அங்கே சுவர் இல்லை. ஆதலால் அடைபட்ட காற்றும் இல்லை. ஊருக்கு எந்தக் காற்றோ அதுவே பள்ளிக்கும் காற்று. பிள்ளைகள் நிலத்தில் மணலைப் பரப்பி அதன்மேல் விரலால் எழுத்தெழுதிப் பயின்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரிலே, ஆங்கிலப் படைவீரரின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென ஒரு விடுதிப்பள்ளி இருந்தது. அதன் பொறுப்பை 1789இல் ஏற்றவர் அந்திரு பெல் என்னும் பாதிரியார். ஒருநாள் அவர் வழியிலே ஒரு தமிழ்ப் பள்ளியைக் கண்டார். ஆங்கிலேயர் அக்காலத்தில் தமிழரை மலபாரியர் என்று அழைத்தமையால் அதனை மலபார்ப் பள்ளி என்றே அவர் குறித்தார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவது அவர் மனத்தைக் கவர்ந்தது. அதனைத் தம் பள்ளியிற் கையாண்டார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். 1797இல் இவற்றை ஒரு நூலாக இலண்டனில் வெளியிட்டார். யோசேப் லங்காஸ்டர் என்பவரும் அதே காலத்தில் இத்தகைய முறையைப் பரப்பவே, ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் வைத்துக் கற்பிக்கும் வழக்கம் இங்கிலாந்தெங்கும் வேரூன்றியது. நம் மணல் அந்நாட்டுக்குச் சென்றது. நம் திறந்த திண்ணை செல்லவில்லை. குளிருக்கு அஞ்சிக் கதவையும் சாளரத்தையும் அடைத்த மண்டபங்களிலே ஏழைப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு கற்றனர். வகுப்பறைக் காற்று ஒரு பிரச்சினையாக எழுந்தது அத்தகைய மண்டபங்களிலேதான்.

அப்பிரச்சினைக்கு முதன்முதல் ஓர் அளவுகோலைத் தந்தவர் செர்மனியின் மியூனிக் நகரத்துப் பேரறிஞர் மக்ஸ் பெற்றன்கோபர். ஓர் அறையின் காற்று மனிதர் மூச்சால் எவ்வளவு கெட்டுள்ளது என்பதை அறிய, அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயுவை அளந்தாற் போதுமென்று 1858இல் அவர் எடுத்துக்காட்டினார். அவ்வாயு அந்த அளவிலே தானே நஞ்சன்று. ஆயின் அது மிகுந்தால், ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கின்றார் என்பதற்கு அது சான்றாகும். ஆயிரம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கு மேல் அவ்வாயு இருத்தல் ஆகாது என்று அவர் வரையறுத்தார். நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் கட்டடக் கலைஞர் அவ்வெல்லையை மறந்துவிடவில்லை. 2021இல் இங்கிலாந்து அரசு தன் பாடசாலைகளுக்கு மூன்று இலட்சம் காபனீரொட்சைட்டு அளவிகளை வழங்குவதாக அறிவித்தபோது, பெற்றன்கோபரின் பழைய எண்ணமே புதிய கருவியில் உயிர்பெற்றது.

அவருக்குப் பின் ஸ்கொத்லாந்தின் டண்டி நகரிலே கார்னெலி, ஹோல்டேன், அண்டர்சன் என்னும் மூவர் வீடுகளையும் பாடசாலைகளையும் நாடிச் சென்று அங்குள்ள காற்றை அளந்தனர். அவ்வாயுவோடு கிருமிகளையும் எண்ணினர். சாளரத்தை மட்டும் நம்பியிருந்த பாடசாலைகளிலும் பார்க்க, விசிறிப் பொறியால் புதுக்காற்றைச் செலுத்திய பாடசாலைகளிற் காற்று மிகத் தூயதாயிருந்தது என்று 1887இல் அவர்கள் வெளியிட்டனர். குளிர்நாட்டுச் சாளரம் பெயரளவிலேதான் சாளரம். அது பெரும்பாலும் மூடியே கிடந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வாராய்ச்சிகள் நடந்த காலத்தில் நம் நாட்டார் இவற்றை அறியாதிருந்தனர் என்று எண்ணிவிடலாகாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, தமிழிலேயே மேலை வைத்தியத்தைக் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியரை நாம் நன்கறிவோம். உடலின் அமைப்பையும் தொழிலையும் சுகாதாரத்தையும் பற்றிக் கற்றர் என்பவர் கல்லூரிகளுக்காக எழுதிய நூலை அவர் 1850களில் தமிழாக்கினார். சுவாசப்பை பற்றியும், அதற்குத் தூய காற்று வேண்டுமென்பது பற்றியும் தமிழ் மாணவன் தன் தாய்மொழியிலே படிக்கும் வாய்ப்பு அன்றே உண்டாயிற்று. அந்த அறிவு நூலோடு நின்றதா, வகுப்பறைக்குள் வந்ததா என்பதே கேள்வி.

வகுப்பறைக்குள் அது வேறொரு வழியால் வந்தது. இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகளின் பழைய மண்டபத்தை அறியாதார் யார்? நூறு அடி நீளம், இருபது அடி அகலம், இடுப்பளவு அரைச்சுவர், அதற்குமேல் தூண்களும் வெளியும், ஓட்டுக்கூரை. வசதி குறைந்த ஊர்களில் ஓட்டுக்குப் பதிலாகக் கிடுகு. சீமெந்துக்குப் பதிலாகச் சாணமிட்டு மெழுகிய மண்தரை. 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னர், வறியவரின் பிள்ளைகளும் திரண்டு வந்து பயின்றது பெரும்பாலும் இத்தகைய மண்டபங்களிலேதான். இடையிலே மறைப்பின்றி நான்கைந்து வகுப்புகள் ஒரே மண்டபத்தில் நடக்கும். ஒரு வகுப்பின் வாய்பாடு மற்றொரு வகுப்பின் செய்யுளோடு கலந்து ஒலிக்கும். இரைச்சலைப் பற்றி நாம் குறைகூறியதுண்டு. ஆயினும் காற்றைப் பொறுத்தவரை அவ்வரைச்சுவர் ஒரு வரப்பிரசாதம். பெற்றன்கோபர் அஞ்சிய மூச்சுக்காற்று அங்கே ஒரு நிமிடமும் தங்குவதில்லை.

மேலைநாட்டார் இத்தகைய திறந்த வகுப்பைத் தேடி அலைந்தது பின்னர்தான். காசநோய் பிள்ளைகளை வாட்டிய காலத்தில், 1904இல், பேர்லினுக்கு அருகே சார்லொட்டன்பேர்க்கிலே மரங்களிடையே காட்டுப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். 1907இல் இலண்டனிலும், 1908இல் அமெரிக்காவின் புறோவிடன்சு நகரிலும் அத்தகைய திறந்தவெளிப் பள்ளிகள் எழுந்தன. அதற்கும் முன்பாகவே, 1901இல், கவி தாகூர் சாந்திநிகேதனத்தில் மரநிழலிற் பள்ளி நடத்தத் தொடங்கியிருந்தார். அவர் நாடியது இயற்கையோடு இயைந்த கல்வி. செர்மானியர் நாடியது உடல்நலம். வழிகள் வேறாயினும் இருவரும் வந்து சேர்ந்த இடம் நம் பாட்டனார் படித்த மரத்தடியே.

கிருமியைப் பற்றிய கேள்விக்கும் பாடசாலைகளே விடை தந்தன. இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் உலர்ந்து, மிகச் சிறிய துகள்களாகி, நெடுநேரம் காற்றில் மிதக்கும் என்று வில்லியம் வெல்சு என்னும் அமெரிக்க அறிஞர் 1934இல் கூறினார். பிலடெல்பியாப் பகுதிப் பாடசாலைகளில் அறையின் மேற்பகுதிக் காற்றை ஊதாக்கடந்த கதிரால் தூய்மைசெய்து, 1941ஆம் ஆண்டுச் சின்னமுத்துப் பரவலின்போது அவ்வறைகளில் நோய் குறைந்ததையும் கண்டார். 1974இல் நியூயோர்க் மாநிலத்தின் றொசெஸ்டருக்கு அருகே ஒரு பாடசாலையில் சின்னமுத்துக் கண்ட ஒரு பிள்ளையிலிருந்து பதினான்கு வகுப்பறைகளிலுள்ள இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு அந்நோய் பரவியது. அவர்களுட் பலர் அப்பிள்ளையோடு ஒரே அறையில் இருந்தவரல்லர். ஒரே காற்றைச் சுழற்றிச் சுழற்றி எல்லா அறைகளுக்கும் அனுப்பிய குழாய்களே நோயையும் சுமந்து சென்றன. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நம் நாட்டுப் பாடசாலைகளும் மூடப்பட்டன. மீளத் திறந்த காலத்தில், சாளரங்களைத் திறந்துவையுங்கள் என்று உலகெங்கும் அறிவுறுத்தினர். திறப்பதற்குச் சாளரமே இல்லாத நம் அரைச்சுவர் மண்டபம் அன்று எனக்குப் பெருஞ்செல்வமாகத் தோன்றியது.

இவ்வளவு பெருமை பேசியபின் அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மூச்சை வெளியே விடும் அதே அரைச்சுவர், தூசையும் புகையையும் உள்ளே விடுகின்றது. அதனை நான் நூலிலிருந்து கற்கவில்லை.

தொண்ணூறுகளில் வன்னியின் வேறொரு சிற்றூரில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். என் வகுப்பில் ஒரு சிறுவன், மெலிந்த உடல், கூரிய அறிவு. ஆயினும் ஆனி, ஆடி மாதங்களில் வாரத்திற்கு இரண்டு நாள் வரமாட்டான். வந்த நாளிலும் தன் இடத்தில் இராமல், காற்று வரும் பக்கத்து அரைச்சுவரோடு சாய்ந்து நிற்பான். சோம்பேறி என்று அவனைக் கடிந்துகொண்டேன். அதோடு அமையாது, ஒழுங்கு கற்பிப்பதாக எண்ணி, காலையில் வகுப்பைக் கூட்டும் பொறுப்பை ஒரு வாரத்திற்கு அவனுக்கே தண்டனையாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள், ஈர்க்கு விளக்குமாற்றோடு அவன் அப்படியே நிலத்தில் அமர்ந்துவிட்டான். நெஞ்சு விம்மி விம்மி எழுந்தது; வாய் திறந்திருந்தது; பேச்சு வரவில்லை. துவிச்சக்கர வண்டியில் ஏற்றி அவனை வைத்தியரிடம் கொண்டு சென்றோம். பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் தாயார் வந்தார். என்னைக் குறைகூற வரவில்லை, மன்றாட வந்தார். “சேர், பிள்ளைக்குத் தொய்வு. தூசு படக்கூடாது. வேற எந்த வேலை எண்டாலும் குடுங்கோ, கூட்டுற வேலை மட்டும் வேண்டாம்” என்றார். அவ்வம்மையார் எழுத்தறியாதவர். பட்டம் பெற்ற எனக்குத் தெரியாத ஒன்றை அவர் அறிந்திருந்தார். அவர் மகனும் அறிந்திருந்தான்; ஆதலாலேதான் காற்று வரும் பக்கத்தைத் தேடி நின்றான். அன்று தொடக்கம் காலையில் உலர்தரையைக் கூட்டும் வழக்கத்தை என் வகுப்பில் நிறுத்தினேன்.

அச்சிறுவனின் நெஞ்சுக்குள் நடந்தது யாது? தூசு எல்லாம் ஒரே தன்மையதன்று. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்கிரோன். மனிதத் தலைமயிர் ஏறக்குறைய ஐம்பது முதல் எழுபது மைக்கிரோன் பருமன் கொண்டது. மூக்கும் தொண்டையும் பெரிய துகள்களைத் தடுத்து நிறுத்துகின்றன. பத்து மைக்கிரோனுக்கு உட்பட்டவை சுவாசக் குழாய்களுட் புகுகின்றன. இரண்டரை மைக்கிரோனுக்கு உட்பட்டவையோ சுவாசப்பையின் அடியிலுள்ள சிற்றறைகள் வரை சென்று தங்குகின்றன. விளக்குமாறு கிளப்பும் புழுதி பெரும்பாலும் முதல் இருவகை. விறகும் வைக்கோலும் குப்பையும் எரியும் புகை மூன்றாம் வகை. பிள்ளைகளோ தம் உடல் எடைக்கு வளர்ந்தோரிலும் மிகுதியான காற்றை உள்ளிழுப்பவர். அவர் சுவாசப்பை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. ஆகவே ஒரே அறையில் ஆசிரியரும் மாணவரும் இருப்பினும் தீங்கு ஒரே அளவினதன்று.

வகுப்பறைக்குள்ளேயே பிறக்கும் தூசும் உண்டு. கரும்பலகையும் வெண்கட்டியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஆசிரியரின் இணைபிரியாத் துணைகள். வெண்கட்டித் தூள் கொடிய நஞ்சன்று. எனினும் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். தொய்வுள்ள பிள்ளைக்கு இருமலைத் தூண்டும். முன்வரிசையில் இருப்பவருக்கே அதன் பெரும்பங்கு கிடைக்கின்றது. துடைப்பானைச் சுவரில் அடித்துத் தூசு தட்டும் வேலைக்குப் பிள்ளைகள் போட்டியிடுவார்கள். நாமும் சிரித்துக்கொண்டே அனுமதித்து வந்தோம்.

கூரையைப் பற்றியும் ஒரு சொல். ஓட்டுக்கும் கிடுகுக்கும் பின்னர் நாடெங்கும் பரவியது அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நார்த் தகடு. அது மலிவு, வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும். ஆனால் அதன் நுண்ணிழை சுவாசப்பையுட் சென்று தங்கினால், பல ஆண்டுகளின் பின் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது. எவ்வகைக் கல்நாராயினும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. இலங்கையில் நீலக் கல்நார் 1987இலேயே தடைசெய்யப்பட்டது. வெண்கல்நாரையும் 2018 முதல் கட்டுப்படுத்த அரசு எண்ணியது. 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலையை இறக்குமதி செய்வதைத் தற்காலிகமாக நிறுத்தவே, அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. கல்நாரை நமக்கு விற்பதும் தேயிலையை நம்மிடம் வாங்குவதும் ஒரே நாடாயிருந்தது. முழுமையாக உள்ள தகட்டால் உடனடி ஆபத்து மிகக் குறைவு. உடைந்ததும், அறுத்ததும், துளையிட்டதுமாகிய தகடே இழையைக் காற்றில் விடும். போரினால் உடைந்த கூரைகளை எத்தனையோ கண்ட வன்னி மக்களுக்கு இதனை எடுத்துச் சொல்லும் கடமை நமக்குண்டு.

செட்டிகுளத்தைப் பற்றிப் பேசும்போது 2009ஆம் ஆண்டைச் சொல்லாது விடுவது எவ்வாறு? இறுதிப் போரிலிருந்து தப்பி வந்த இலட்சக்கணக்கான மக்கள் எங்கள் பிரிவிலுள்ள மெனிக் பாமிலே தங்கவைக்கப்பட்டனர். காட்டை வெட்டி வெளியாக்கிய நிலத்தில் கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, அருணாசலம், இராமநாதன் எனப் பெயரிட்ட முகாம்கள் எழுந்தன. மரமும் புல்லும் அகன்ற மண்ணின்மேல் கோடைக் காற்று வீசியபோது, அங்கே எழுந்த புழுதியைக் கண்டவர் மறவார். அப்புழுதிக்குள்ளேயே பாடசாலைகளும் நடந்தன. கூடாரத்திலும் தறப்பாள் கொட்டிலிலும், சில இடங்களில் மரத்தடியிலும், தம் உறவினரை இழந்து வந்த ஆசிரியர், தம் பெற்றோரை இழந்து வந்த பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அவ்வாண்டிலேயே பிள்ளைகள் பொதுப் பரீட்சைகளுக்கும் தோற்றினர். தறப்பாளின் உள்ளே நண்பகல் வெப்பம், அதன் ஓரத்தைச் சுருட்டித் தூக்கினால் புழுதி, இறக்கினால் மூச்சுமுட்டல். வகுப்பறைக் காற்றின் இருபுறத் துன்பத்தையும் அன்று அப்பிள்ளைகள் ஒருங்கே அனுபவித்தனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. அங்கே படித்த சிறுவர் சிலர் இன்று ஆசிரியராகி உள்ளனர்.

பின்னர் 2022 டிசம்பர் வந்தது. வங்காள விரிகுடாவில் மண்டூஸ் என்னும் புயல் உருவாகி, ஒன்பதாம் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அதனோடு இழுபட்டு வந்த காற்று, இந்திய நிலப்பரப்பின் மாசையும் நம் தீவுக்குக் கொண்டுவந்தது. வானம் சாம்பல் நிறமாயிற்று. தொலைவிலுள்ள மரங்கள் மறைந்தன. அதே நாட்களில் குளிர் தாங்காது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் மாண்டன. காற்று சுகாதாரத்துக்கு ஒவ்வாத நிலையை அடைந்துள்ளதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. டிசம்பர் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை, நாடெங்குமுள்ள அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. வெள்ளத்துக்கு மூடியதுண்டு, போருக்கு மூடியதுண்டு, தொற்றுநோய்க்கு மூடியதுண்டு. சுவாசிக்கும் காற்றுக்காக மூடியதை என் பணிக்காலத்தில் அன்றே கண்டேன்.

அத்தீர்மானத்தை நான் குறைகூறவில்லை. ஐயத்துக்கிடமான வேளையில் பிள்ளைகளின் நலத்தை முன்வைத்தது நன்றே. ஆயினும் அன்று வெறுமையாயிருந்த மண்டபத்தில் நின்றபோது ஓர் எண்ணம் என்னை வருத்தியது. பிள்ளைகளை எங்கே அனுப்பினோம்? வீட்டுக்கு. வீட்டிலே என்ன காற்று? அதே காற்று; அதனோடு அடுப்புப் புகையும் சேர்ந்தது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை விறகாலேயே சமைத்தன. பாடசாலைக் கதவை மூடலாம்; அரைச்சுவருக்குமேல் மூடுவதற்கு என்ன இருக்கின்றது? அங்கே உள்காற்றும் வெளிக்காற்றும் ஒன்றே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் இதுவே. மூச்சும் கிருமியும் உள்ளே பிறப்பவை. அவற்றுக்கு மருந்து திறந்த சாளரம். அம்மருந்தை நம் பழைய மண்டபம் நமக்கு இயல்பாகவே தந்துள்ளது. தூசும் புகையும் வந்தபின் தடுக்கவொண்ணாதவை. அவற்றுக்கு மருந்து அவை பிறக்குமிடத்திலேயே தடுத்தல். மேலைநாட்டுக் கட்டடத்தைக் கண்டு, எல்லாவற்றையும் கண்ணாடியால் அடைத்துக் குளிரூட்டினால் நலம் என்று எண்ணுவோர் இன்று உளர். புதுக்காற்று புகாத அறையில் நாற்பது பிள்ளைகளை இருத்தினால், பெற்றன்கோபர் கண்ட பழைய துன்பத்தையே விலைகொடுத்து வாங்கியவர்களாவோம்.

தூசு பிறக்குமிடத்தில் அதனைத் தடுக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நம் தாய்மார் முற்றத்தில் நீர் தெளித்த பின்னரே கூட்டினர். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பாடசாலையிற் கூட்டும் வேலை காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றப்பட்டுள்ளது. பாடம் முடிந்து பிள்ளைகள் சென்றபின், நீர் தெளித்துக் கூட்டுவர். எழுந்த சிறுதூசும் இரவிலே படிந்துவிடுகின்றது. கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கின்றோம். வளவில் விழும் சருகை எரிப்பதில்லை, குழியிலிட்டு உரமாக்குகின்றோம். வீதிப் பக்கமாக வேம்பு நட்டிருக்கின்றோம். கூரைத்தகடு உடைந்தால் அதனை நனைத்தே அகற்றுகின்றோம்; பிள்ளைகளை அருகே விடுவதில்லை. தொய்வுள்ள பிள்ளைகளின் பெயர்களை ஆண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் கேட்டறிந்து, வகுப்பாசிரியருக்குச் சொல்கின்றோம். அப்பிள்ளைகள் வராத நாட்களைக் குற்றமாக எழுதுவதில்லை.

எங்களால் இயலாதனவும் உள. வீதியைச் சீர்செய்வது எம் கையில் இல்லை. அறுவடை முடிந்தபின் வைக்கோலை எரிப்பதை நிறுத்துவது கமக்காரர் கையில் உள்ளது. காற்றை அளக்கும் கருவியை ஊர்ப்புறப் பாடசாலைகளுக்கும் வழங்குவது அரசின் கையில் உள்ளது. இரண்டரை மைக்கிரோன் துகள் ஒரு கனமீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. நம் நாடு 2008இல் வகுத்த விதியோ 25 வரை இடந்தருகின்றது. இவ்விரண்டுக்குமிடையில் எங்கள் வகுப்பறை எங்கே நிற்கின்றது என்பதை அளந்தாலன்றி அறிய இயலாது. பிள்ளையின் உயரத்தை அளக்கின்றோம், நிறையை அளக்கின்றோம், புள்ளிகளை அளக்கின்றோம். அவன் மூச்சை நிறைப்பது எது என்பதையும் அளத்தல் தகும் அன்றோ?

எனக்குத் தண்டனை வேலையால் மூச்சிழந்து நின்ற அச்சிறுவனுக்கு நான் பட்ட கடன் இன்னும் முற்றாகத் தீர்ந்ததாக எண்ணவில்லை. நாளைக் காலையில் இப்பேச்சைக் கேட்ட ஆசிரியர் எவரேனும், விளக்குமாற்றை எடுக்கும் பிள்ளையிடம் முதலில் ஒரு வாளி நீரை எடுத்துவரச் சொல்வாராயின், அக்கடனில் ஒரு சிறு பங்கு அடைபட்டதாகக் கொள்வேன்.